ஆச்சியின் புத்தகத்துக்கு அட்டை போட்டேன், குடும்பமே சேர்ந்து மாற்றிவிட்டது

காரைக்குடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். வயது 27, வீட்டிலிருந்தபடியே டிசைன் வேலை. கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, மசாலா பாக்கெட் என்று போய்க்கொண்டிருந்தவருக்கு முதல்முறையாக ஒரு புத்தக அட்டை வந்திருக்கிறது. உறவில் பெரியம்மா முறை வரும் ஓர் ஆச்சி, வயது 76. கணவர் பினாங்கில் கடை நடத்திய காலத்தில் ரெட்டைக் கட்டு வீட்டையும் பிள்ளைகளையும் தனியாளாகப் பார்த்துக்கொண்ட கதையை நோட்டுநோட்டாக எழுதி வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அதைப் புத்தகமாக்கி, தை மாதம் நடக்கும் பேரன் கல்யாணத்தில் வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறார். 500 பிரதி. அட்டைக்கு 8,000 ரூபாய், அட்வான்ஸ் 4,000. எல்லாம் போனிலும் வாட்ஸ்அப்பிலும் பேசியதுதான், கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் கிடையாது.

வாசகி செய்த அட்டை இது: வெள்ளைத் தளம், கீழே வலது ஓரத்தில் கறுப்பில் ஒற்றை இரும்புச் சாவி, மேலே இடது பக்கம் சின்ன எழுத்தில் தலைப்பு. அவ்வளவுதான். மகன் அதைக் குடும்பக் குழுவில் போட்டு "எல்லாரும் கருத்துச் சொல்லுங்க" என்று கேட்க, வந்து கொட்டிவிட்டது. "ஆச்சி போட்டோ எங்கே?", "முகப்பைப் போட்டா நல்லா இருக்குமே", "பூட்டுக் கடை விளம்பரமா?", "இவ்வளவு எடம் சும்மா கெடக்கு", "அஞ்சு நிமிஷ வேலைக்கு எட்டாயிரமா?" கடைசியாகச் சம்பந்தி வீட்டிலிருந்து ஒருவர், "கருமாதிக்குப் போடுற புத்தகம் மாதிரி இருக்கு." அப்புறம் அச்சகத்து டிடிபி ஆள் அந்தப் படத்தையே எடுத்து, பின்னால் வீட்டு முகப்பு, சுற்றி ஆத்தங்குடிக் கல் பார்டர், குத்துவிளக்கு, முட்டை வடிவத்துக்குள் ஆச்சி என்று நிரப்பி, சாவியை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார். உள்பக்கத்தில் 'அட்டை வடிவமைப்பு' என்று வாசகியின் பெயர் அப்படியே இருக்கிறது. இப்போது ஓப்பன் பைல், அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்பு, கேட்கிறார்கள். கொடுத்தால்தான் மீதி 4,000.

கேட்டிருப்பவை: என்னைக் கேட்காமல் மாற்றியது சரியா? பதிவு செய்யாததால் எனக்கு உரிமையே இல்லையா? பைலைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா? கடைசியில் கோபமாக ஒன்று: "டிசைனே தெரியாதவங்க கருத்தை நான் ஏன் கேட்கணும்?"

இனி உங்களிடம்.

இரண்டு வழக்குகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் வேலையைக் கேட்காமல் மாற்றி உங்கள் பெயரையும் போட்டது ஒன்று. அட்டை பிடிக்கவில்லை என்று சொன்னது இன்னொன்று. முதலாவதில் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம். இரண்டாவதில் சட்டத்துக்கு வேலையே இல்லை, அங்கே நீங்கள் கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

உரிமை யாருக்கு?

பதிவு செய்யவில்லையே என்ற பயத்தை விடுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாகச் செய்த படைப்புக்கு உருவான அந்த நிமிடமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு என்பது பின்னால் தகராறு வந்தால் காட்ட ஒரு சாட்சி, அவ்வளவுதான். கட்டணம் 500 ரூபாய், பொருள்களில் பயன்படக்கூடிய படைப்பு என்றால் 2,000. இந்த ஓர் அட்டைக்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை. "அஞ்சு நிமிஷ வேலை" என்ற பேச்சும் சட்டத்தில் செல்லாது. வரைபடத்துக்குக் கலைத்தரம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை என்று 2-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, எளிமையான டிசைன் செய்கிற எல்லோருக்கும் உள்ள சிக்கல். சட்டம் காப்பாற்றுவது யோசனையை இல்லை, அந்த யோசனைக்கு நீங்கள் கொடுத்த உருவத்தை. 1978-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2007-இல் இன்னொரு வழக்கில், உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் தெரிய வேண்டும் என்றும் சொன்னது. ஆக 'வெறும் தளத்தில் ஒற்றைச் சாவி' என்பது உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, நாளைக்கே இன்னொருவர் வேறு ஒரு சாவியை வரைந்து வேறு இடத்தில் வைத்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அட்டையில் பொருள்கள் குறையக் குறைய, நீங்கள் காப்பாற்றிக்கொள்ளக்கூடியதும் குறைகிறது. உங்களுக்கு உரியது அந்தக் குறிப்பிட்ட சாவியின் கோடுகளும் அதை வைத்த விதமும்தான். உங்கள் விஷயத்தில் அதிலும் ஒரு சந்தேகம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

காசு கொடுத்தவருக்குத்தானே சொந்தம் என்று மகன் கேட்கலாம். முழுக்கத் தவறான கேள்வி இல்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் போன்றவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. கம்ப்யூட்டரில் செய்த அட்டை அந்தப் பட்டியலில் வருமா என்பதில் இரண்டு பக்கமும் வாதாட இடம் உண்டு. வராது என்பது என் கட்சி. நீங்கள் அவர்களிடம் சம்பளத்துக்கு இருப்பவரும் இல்லை. அப்படியானால் உரிமை உங்களிடம்தான், அது கைமாற வேண்டுமென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் வைத்து, இந்தப் புத்தகத்துக்கே அட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்று நீங்கள் நிற்க முடியாது. அதற்காகத்தானே அட்வான்ஸ் வாங்கினீர்கள்?

மாற்றியதும் பெயர் போட்டதும்

அட்டையை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால் நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது, மீதிப் பணத்தைத் தவிர. படைப்பைக் காட்டாமல் விடுவதோ, படைத்தவருக்குத் திருப்தியாகக் காட்டாததோ குற்றமில்லை என்று 57-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சிதைத்து, அதன் மேல் உங்கள் பெயரையும் போட்டால் அதே பிரிவு உங்களுக்கு உதவும்; உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் இது உங்களை விட்டுப் போகாது. உங்கள் மதிப்புக்குக் கேடு வந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. அடுத்த அட்டைக்காக உங்களைத் தேடி வரவேண்டிய ஒருவர், குத்துவிளக்கும் பார்டருமாக இருக்கும் அந்தப் புத்தகத்தில் உங்கள் பெயரைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று கேட்டால் பதில் தெரியும்.

சரி, நோட்டீஸ் அனுப்பலாமா என்றால், அனுப்பலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் இருக்கும் ஊரைக் கொண்டு சிவகங்கை மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் காலத்தையும் பாருங்கள். தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்து எடுத்தார்கள். அவர் 1992-இல் வழக்குப் போட்டார். தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2005-இல். ஜெயித்தார், 5 லட்சம் இழப்பீடும் கிடைத்தது. அது நாடறிந்த வழக்கு. உங்களுடையது கல்யாணத்தில் கொடுக்கப்போகும் 500 பிரதி, இன்னும் அச்சுக்கே போகவில்லை, எதிர்த் தரப்பு உங்கள் பெரியம்மா வீடு. நான் உங்கள் வக்கீலாக இருந்தால் பீஸ் வாங்கிக்கொண்டு நோட்டீஸ் அடிக்க மாட்டேன். போனை எடுத்து மகனிடம் பேசுங்கள் என்பேன்.

ஓப்பன் பைலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என்ன பேசினீர்கள் என்பதுதான் கணக்கு, நீங்கள் அனுப்பிய உரையாடலில் "பிரிண்டுக்கு ரெடியா பி.டி.எஃப்" என்று மட்டும்தான் இருக்கிறது. அதைக் கொடுத்தால் உங்கள் கடமை முடிந்தது. அதற்கு மேல் பைல் வேண்டுமென்றால் தனி விலை, தனி எழுத்து.

உங்கள் பக்கத்திலும் ஓர் ஓட்டை

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சாவியை "இன்ஸ்டாகிராமில் ஒரு பழைய சாமான் கடைக்காரர் போட்ட போட்டோவை வைத்து அப்படியே டிரேஸ் பண்ணினேன்" என்று. அந்தப் போட்டோ எடுத்தவருக்கும் உங்களுக்கு இருக்கும் அதே உரிமை இருக்கிறது. நோட்டீஸ் என்று கிளம்பினால் முதலில் உங்கள் மேல் பாயக்கூடியது இதுதான். தெருவில் நிற்கும் ஒரு வீட்டைப் பார்த்து வரையலாம், போட்டோ எடுக்கலாம், அதற்கு 52-ஆம் பிரிவில் தெளிவான விலக்கு இருக்கிறது. இன்னொருவர் எடுத்த போட்டோவின் மேல் கோடு இழுப்பது அதில் சேராது.

எழுத்துருவையும் ஒரு தடவை பாருங்கள். எங்கிருந்தோ இறக்கிய எழுத்துரு என்றால் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனை இருக்கலாம். முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, நோட்டோ தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை, அட்டையில் தாராளமாகப் போடலாம்.

இனி அந்தக் கருத்துகள்

மகன், மருமகள், பங்காளிகள், சம்பந்தி வீடு, அச்சகத்துக்காரர் என்று எல்லோரும் உங்கள் கடிதத்தில் பேசுகிறார்கள். ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், எங்கும் இல்லை. எழுதியவர் அவர், புத்தகத்தின் உள்ளே இருக்கும் எழுத்துக்கு உரிமைக்காரரும் அவர்தான். மகன் செலவு செய்கிறார், அவ்வளவே. அவருக்கு அட்டையைக் காட்டினீர்களா? காட்டியிருந்தாலும் போனில்தான் காட்டியிருப்பார்கள். 76 வயதுக் கண்ணுக்கு அந்தச் சின்னத் தலைப்பு தெரிந்திருக்குமா? நீங்கள் அனுப்பிய படத்தை நானும் போனில்தான் பார்த்தேன். தலைப்பில் மெய்யெழுத்து நிறைய, புள்ளிகளெல்லாம் காணாமல் போய் வேறு என்னவோ போலப் படிக்கிறது. ஆங்கில அட்டைகளைப் பார்த்து எழுத்தைச் சின்னதாக்குகிற பழக்கம் தமிழுக்கு ஒத்துவருவதில்லை. நம் எழுத்தில் மேலே வளைவும் புள்ளியும், கீழே சுழியும் இருக்கின்றன. அவற்றுக்கு உயரம் வேண்டும்.

"டிசைன் தெரியாதவங்க" என்கிறீர்கள். இந்தப் புத்தகம் கடைக்குப் போகவில்லை. வாங்கப்போகிறவர்கள் அந்தக் குழுவில் இருப்பவர்களும் அவர்களைப் போன்றவர்களும்தான். அவர்கள் சொல்கிற மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கே வலிக்கிறது என்று சொல்வதை மட்டும் கேளுங்கள். 'முகப்பைப் போடு', 'விளக்கைப் போடு' என்பது மருந்து. அதைக் கேட்டால் டிடிபி ஆள் செய்ததுதான் கிடைக்கும். 'ஆச்சி போட்டோ எங்கே' என்பதற்குள் இருக்கும் வலி வேறு: இது யாருடைய சாவி என்று அட்டை சொல்லவில்லை. அது உண்மைதானே? முன்பின் தெரியாத கடையிலிருந்து வந்த சாவி அது. ஆச்சியின் பெயர் தலைப்புக்குக் கீழே அதைவிடச் சின்ன எழுத்தில் இருக்கிறது.

உங்களை அதிகம் புண்படுத்திய 'கருமாதி' பேச்சுத்தான் எனக்கு எல்லாவற்றையும் விட உபயோகமாகப் படுகிறது. சொன்ன விதம் நாராசம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் பெரியவர்கள் காலமானால் நினைவு மலர் போடுகிற வழக்கம் இருக்கிறது, அதில் பல வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்தாக இருக்கும். வெள்ளைத் தளம், கறுப்புச் சாவி, வயதான ஆச்சியின் பெயர், அதைக் கல்யாணப் பந்தியில் கையில் கொடுத்தால் யாருக்கும் ஒரு நிமிஷம் திக்கென்று இருக்கும். உயிரோடு இருக்கும் ஆச்சிக்கே அப்படிப் பட்டால்? இது டிசைன் தெரியாதவர் கருத்து இல்லை, இந்த ஊர் தெரிந்தவர் கருத்து. மாற்ற வேண்டியது நிறம் ஒன்றுதான், எளிமையை இல்லை. கண்டாங்கிச் சேலையில் வருகிற அந்தச் செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவப்புத் தளத்தில் மஞ்சள் சாவி என்றால் மங்கலமும் ஆயிற்று, காலி இடமும் அப்படியே இருக்கும். இன்னொன்று, சந்தனம் குங்குமம் எடுத்த கையோடு வாங்குகிற புத்தகம் இது, வெள்ளை அட்டை மண்டப வாசலைத் தாண்டுவதற்குள் கறைபட்டுவிடும். அடர்நிறத்தில் மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மேல்படலம்) போட்டால் நகக்கீறல் தெரியும் என்பதையும் அச்சகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், முடிந்தால் ஒரு பிரதி மட்டும் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"இந்த ஊருக்கு மினிமலிசம் புரியாது" என்று எழுதியிருப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பெங்குவின் பதிப்பகம் 1935-இல் ஆரஞ்சுப் பட்டையும் எழுத்துமாக நாவல்களைக் கொண்டுவந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் பக்கத்துச் சங்கதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ராயவரத்து வை.கோவிந்தனின் சக்தி காரியாலயம், தேவகோட்டைக்காரர் திருநாவுக்கரசின் வானதி என்று தமிழ்ப் பதிப்புத் தொழிலில் இந்த வட்டாரத்துக்காரர்கள் நிறையப் பேர். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த புத்தகங்களை அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இன்று சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. சென்னை போனால் அங்கே ஒரு பகல் உட்காருங்கள். படமே இல்லாமல் எழுத்தும் கோடும் மட்டுமாக வந்த பழைய தமிழ்ப் புத்தகங்கள் எத்தனையோ பார்க்கலாம். அதில் இரண்டைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டால், நீங்கள் வெளிநாட்டைக் காப்பி அடிக்கவில்லை என்று வாயே திறக்காமல் சொல்லிவிடலாம்.

இப்போது என்ன செய்யலாம்

முதலில் ஆச்சி வீட்டுக்குப் போங்கள். அட்டையைப் புத்தக அளவிலேயே காகிதத்தில் அச்செடுத்து, ஏதாவது ஒரு புத்தகத்தின் மேல் சுற்றிக் கையில் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். முகப்பும் விளக்கும்தான் பிடித்திருக்கிறது என்று அவரே சொன்னால் அது அவர் புத்தகம். உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லி மீதியை வாங்கிக்கொண்டு விலகிவிடுங்கள். சாவி பிடித்திருந்தால், அந்த வீட்டு நிலைக்கதவின் சாவியையே கேட்டு வாங்கி, நீங்களே போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரையுங்கள். கடைக்காரர் போட்டோ தொல்லையும் போகும், 'யாருடைய சாவி' என்ற கேள்விக்கும் பதிலாகும். ஆச்சியின் போட்டோவைப் பின்னட்டையில் நன்றாகப் பெரிதாகவே போடலாம், அதற்கு நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம்.

அப்புறம் மகனுக்கு, குழுவில் இல்லாமல் தனியாக, இப்படி ஒரு செய்தி:

"அண்ணே, ஆச்சியைப் பார்த்துப் பேசிட்டேன். அவங்க சொன்னதை வச்சு நிறமும் தலைப்பு அளவும் மாத்தி ஒரு அட்டை அனுப்புறேன். இன்னும் ஒரு தடவை திருத்தம் இதே விலையில செய்வேன், அதுக்கு மேல தனி. திருத்தத்தை எல்லார்கிட்டயும் கேட்டு நீங்களே ஒண்ணாத் தொகுத்துச் சொல்லுங்க. அச்சகத்துல மாத்தின அட்டையைப் போடுறதா இருந்தா என் பேரை எடுத்துடணும். மீதி 4,000 வந்ததும் பி.டி.எஃப் அனுப்புறேன். இந்தப் புத்தகத்துக்கு எத்தனை பதிப்பு வேணும்னாலும் அடிச்சுக்கலாம், வேற எதுக்கும்னா என்கிட்ட கேக்கணும்."

"சரி" என்று அவர் ஒரு வார்த்தை பதில் போட்டால்கூட எதிர்காலத்தில் உங்களுக்கு அது உதவும். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், வாட்ஸ்அப் செய்தியும் சாட்சியாகும். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம். அதனால் கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள். பணம் வராமலே போனால் வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது. கல்யாணம் முடியும்வரை பொறுத்திருக்கலாம்.